எடை கூடுது, கூடுனது சதையா கொழுப்பா? கைப்பிள்ளைகளின் உடல் சேர்மானத்தை அளப்பது பற்றி

பொருநைக்கரை

அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர் வட்டாரத்தில் 60 பிள்ளைகளைப் பிறந்ததிலிருந்து ஒரு வயது முடியும்வரை தொடர்ந்து அளக்க ஒரு திட்டம் எழுதிக்கொண்டிருக்கிறோம். ஆறாம் மாதத்தில் இணை உணவு தொடங்குவதற்கு முன்னும் பின்னும் எடையில் கூடுவது கொழுப்பா, இல்லை சதை, எலும்பு, உறுப்பு, நீர் எல்லாம் சேர்ந்த கொழுப்பில்லாப் பங்கா என்று தெரிய வேண்டும். வளர்ச்சி அட்டையில் எடைக் கோடு மேலே போனால் தாயும் நிம்மதி, அங்கன்வாடியும் நிம்மதி. கோடு எதனால் ஏறியது என்று அட்டை சொல்லாது.

கையில் இருப்பவை: 10 கிராம் துல்லியத்தில் காட்டும் பச்சிளம் பிள்ளைத் தராசு ஒன்று, படுக்க வைத்து நீளம் அளக்கும் பலகை இரண்டு, கைச்சுற்றளவு நாடா. தோலைக் கிள்ளித் தூக்கி அதன் கீழ்க் கொழுப்போடு தடிமன் அளக்கும் தோல்மடிப்பு காலிப்பர் வாங்கப் பணம் உண்டு. பெரிய கருவி வைத்திருக்கும் இடத்தோடு சேர்ந்து செய்ய வாய்ப்பு இருக்கிறது, ஆனால் எல்லாப் பிள்ளைகளையும் அங்கே கொண்டுபோக முடியாது. எதை எதற்குப் பயன்படுத்தலாம், எங்கே தப்பும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாளை குழந்தைநலம்

கேள்வி நம்ம ஊருக்கு ஏன் முக்கியம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2003-இல் வெளியான புனே ஆய்வு கிராமத்துப் பிள்ளைகளை இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பிள்ளைகளோடு ஒப்பிட்டது. சராசரிப் பிறப்பெடை இங்கே 2.7 கிலோ, அங்கே 3.5 கிலோ. எடை, நீளம், வயிற்றுச் சுற்றளவு, கைச்சதை எல்லாமே நம் பிள்ளைக்கு நன்றாகக் குறைவு. தோள்பட்டை எலும்புக்குக் கீழே எடுத்த தோல்மடிப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. அதாவது பிள்ளை சிறுத்திருக்கிறது, ஆனால் சிறுத்தது பெரும்பாலும் கொழுப்பில்லாப் பங்கில்தான். 'மெலிந்த, ஆனால் கொழுப்புள்ள பிள்ளை' என்று அதற்குப் பெயர் வந்தது.

ஆறு மாதத்தில் 64 செ.மீ. நீளம், 6.0 கிலோ எடை என்று இரண்டு பிள்ளைகள் இருப்பதாக வையுங்கள். அட்டையில் இரண்டும் ஒரே புள்ளி. முதல் பிள்ளையில் கொழுப்பு 1.5 கிலோ, மீதி 4.5. இரண்டாவதில் கொழுப்பு 1.1, மீதி 4.9. நீளத்தின் வர்க்கத்தால் வகுத்தால் (0.64 × 0.64 = 0.4096) கொழுப்பில்லாப் பங்கின் குறியீடு முதலாவதுக்கு 11.0, இரண்டாவதுக்கு 12.0. கொழுப்புக் குறியீடு முறையே 3.7, 2.7. முதல் பிள்ளைக்கு இன்னும் ஒரு கரண்டி நெய்யும் சீனியும் கொடுத்து எடையை ஏற்றினால் பிரச்சினை தீராது. இரண்டாவதுக்கு அதே நெய் நல்ல உதவி.

சதவீதத்தை மட்டும் எழுதாதீர்கள். கொழுப்பு கூடினாலும் சதவீதம் ஏறும், சதை குறைந்தாலும் ஏறும். இரண்டு குறியீடுகளையும் தனித்தனியாக எழுதுங்கள்.

சாரல்காத்து

கருவி பக்கம் நான் சொல்லுதேன். பிறந்ததுல இருந்து ஆறு மாசம் வரைக்கும், 1 கிலோவுல இருந்து 8 கிலோ வரைக்கும் உள்ள பிள்ளைக்குக் காற்று இடப்பெயர்ச்சி முறைதான் சௌகரியம். 'பீ பாட்'னு ஒரு கருவி. முட்டை மாதிரி அறை ஒண்ணு, அதுக்குப் பக்கத்துல ஒப்பீட்டு அறை ஒண்ணு, நடுவுல அதிருத திரை. திரை அதிரும்போது ரெண்டு அறையிலயும் அழுத்தம் எவ்வளவு மாறுதுன்னு பாத்து, பிள்ளை எவ்வளவு காத்தை இடம்பெயர்த்திருக்குன்னு கணக்குப் போடும். கனஅளவு கிடைச்சாச்சு, எடை ஏற்கெனவே இருக்கு, வகுத்தா அடர்த்தி. கொழுப்போட அடர்த்தி 0.9007. கொழுப்பில்லாப் பங்கோட அடர்த்தி பிறந்த பிள்ளைக்கு 1.063 பக்கம், வயசு கூடக் கூட ஏறும். இதுல இருந்து கொழுப்பு எவ்வளவுன்னு பிரிச்சிருது. உள்ள இருக்கது ரெண்டு நிமிசம்தான். பிள்ளை அழுதாலும் காலை ஆட்டுனாலும் பெருசாப் பாதிக்காது, ஒண்ணுக்குப் போனாலும் அளவு கெடாது.

கெடுக்கது வேற. மொதல்ல அறை. கதவைத் திறந்து மூடுனா அழுத்தம் துள்ளும். ஆனி ஆடியில தென்காசி பக்கம் அடிக்க மேகாத்து சன்னலைத் தட்டுனாலே அளவு ஆடும். ஏசி காத்து நேரா கருவி மேல விழக் கூடாது. ராத்திரி அணைச்சு காலையில போட்டு உடனே அளக்கக் கூடாது, சூடேறி நிலைக்கணும். கரண்டு போயி வந்தா மறுபடி காத்திருந்து, கனஅளவு தெரிஞ்ச உருளையை வச்சி சரிபார்த்துட்டுத்தான் பிள்ளையை வைக்கணும். ஒரே உருளையை அஞ்சு தடவை வச்சி எத்தனை மில்லிலிட்டர் ஆடுதுன்னு தினமும் எழுதி வச்சிக்கிடணும்.

ரெண்டாவது தலைமுடி. முடிக்குள்ள சிக்குன காத்து மத்த காத்தைவிடச் சுலபமா அமுங்கும், அதனால பிள்ளையோட கனஅளவு குறைஞ்ச மாதிரி காட்டும். கனஅளவு குறைஞ்சா அடர்த்தி ஏறும், கொழுப்பு குறைச்சலா வரும். முடி அடர்த்தியா இருந்தா எண்ணெய் தடவிப் படியவச்சி, ஒட்டுன தொப்பி போட்டுருங்க. முடி இறக்குன பிள்ளைக்கு அந்த வேலை இல்லை. ஆனா ஒரே பிள்ளையை முடியோட ஒரு தடவை, மொட்டையில ஒரு தடவை அளந்தா அதைக் குறிப்புல எழுதணும்.

கடற்கரைச் செவிலி

அண்ணாச்சி, எங்க பக்கம் உவரி, கூட்டப்புளியில எல்லாம் பிள்ளைக்கு வெள்ளி அரைஞாண், கொலுசு, கையில வசம்பு வளையல் போட்டிருப்பாவ. கழட்டச் சொன்னா பாட்டிமார் சம்மதிக்க மாட்டாவ. கொஞ்ச எடைதானே, அப்படியே வச்சி அளந்தா என்ன?

சாரல்காத்து

எடை அட்டைக்கு 30 கிராம் பெருசா தெரியாது மதினி. இந்தக் கருவிக்கு அது பெரிய தப்பு. கணக்கைப் பாருங்க. பிள்ளை 5 கிலோ, அடர்த்தி 1.035, கனஅளவு 4831 மி.லி. கொழுப்பு 15 சதவீதம் வரும். இப்ப 30 கிராம் வெள்ளி சேருது. வெள்ளியோட அடர்த்தி 10.5, அதனால கனஅளவு 3 மி.லி.தான் கூடும். எடை 5030, கனஅளவு 4834, அடர்த்தி 1.0406. கொழுப்பு 12 சதவீதம்னு வந்துரும். மூணு புள்ளி போச்சு. ரெண்டு மாசத்துல உணவால வரப்போற வித்தியாசத்தைவிட இது பெருசா இருக்கலாம்.

தராசு 10 கிராம் தப்புனாலும் ஒரு புள்ளிக்கு மேல போகும். கனஅளவு 10 மி.லி. தப்புனாலும் அதே கதைதான், மருந்து பாட்டில் மூடி அளவுதான் 10 மி.லி. அதனால டயபர், துணி, கயிறு, நகை எல்லாம் கழட்டணும். கழட்டுனதைத் தாய் மடியிலயே ஒரு வெள்ளைத்துணியில வச்சி, அளந்து முடிஞ்சதும் அந்தப் பாட்டி கையாலயே திருப்பிப் போடச் சொல்லுங்க. அதுல மரியாதை இருக்கு, சம்மதமும் கிடைக்கும்.

ஐசோடோப்

பீ பாட் ஆறு மாதத்தோடு நின்றுவிடும். உங்கள் கேள்வி ஆறாம் மாதத்துக்குப் பின்னும் போகிறது. அங்கே டியூட்டீரியம் நீர்த்தல் முறைதான் வழி. மூன்று மாதத்திலிருந்து இதைத் தொடங்கி மூன்றிலும் ஆறிலும் இரண்டு முறைகளாலும் அளந்தால், ஒரு முறையிலிருந்து இன்னொன்றுக்குத் தாண்டும்போது எண் குதிக்கிறதா என்று தெரியும்.

டியூட்டீரியம் என்ற கனமான ஐதரசன் உள்ள கன நீரை எடைபார்த்துப் பிள்ளைக்குக் குடிக்கக் கொடுக்கிறோம். அது உடம்பு நீரோடு கலந்து நீர்த்துப்போகிறது. எவ்வளவு நீர்த்தது என்று உமிழ்நீரில் பார்த்தால் உடம்பில் மொத்தம் எவ்வளவு நீர் என்று தெரியும். கொழுப்பில் நீர் இல்லை. கொழுப்பில்லாப் பங்கில் கைக்குழந்தைக்கு 79 முதல் 81 சதவீதம் நீர், பெரியவர்களுக்கு 73. வகுத்தால் கொழுப்பில்லாப் பங்கு, எடையில் கழித்தால் கொழுப்பு. பெரியவர்களின் 73-ஐப் பிள்ளைக்குப் போட்டுவிடாதீர்கள். அப்படிப் போட்டால் கொழுப்பு அநியாயமாகக் குறைந்துவிடும்.

செய்முறை. உமிழ்நீரில் உள்ள டியூட்டீரியத்தை அகச்சிவப்பு ஒளியால் அளக்கும் எஃப்.டி.ஐ.ஆர். கருவியில் பார்ப்பதானால் கிலோவுக்கு அரை கிராம் போதும், 6 கிலோ பிள்ளைக்கு 3 கிராம். கிருமி நீக்கி, சின்ன சிரிஞ்சில் ஏற்றி, 0.01 கிராம் காட்டும் தராசில் சிரிஞ்சைக் கொடுப்பதற்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். கொடுக்கும் முன் உமிழ்நீர் மாதிரி எடுக்க மறக்காதீர்கள். தாமிரபரணித் தண்ணீரிலும் தாய்ப்பாலிலும் இயற்கையாகவே கொஞ்சம் டியூட்டீரியம் இருக்கும், அதைக் கழிக்க வேண்டும். கொடுத்தபின் சுமார் மூன்று மணி நேரத்தில் கலந்து சமமாகிவிடும். அப்போது அரை மணி இடைவெளியில் இரண்டு மாதிரி. கிடைக்கும் எண்ணை 1.041-ஆல் வகுக்க வேண்டும், ஏனென்றால் டியூட்டீரியத்தில் கொஞ்சம் நீரல்லாத பொருள்களிலும் போய் ஒட்டிக்கொள்ளும்.

உமிழ்நீர் எடுப்பது இப்படி: பஞ்சைக் குச்சியில் சுற்றி, கன்னத்தின் உள்பக்கமும் நாக்கின் அடியிலும் மெதுவாக உருட்டுங்கள். நன்றாக ஊறியதும் பஞ்சை 20 மி.லி. சிரிஞ்சுக்குள் போட்டு, அழுத்தியால் பிழிந்து சிறு குப்பியில் விடுங்கள். 2 மி.லி. சேரும்வரை நாலைந்து பஞ்சு ஆகும். குப்பி மூடி திருகு மூடியாக, காற்றுப் புகாததாக இருக்க வேண்டும். திறந்து வைத்த குப்பி காற்றின் ஈரத்தோடு மாற்றிக்கொள்ளும், ஆவியும் ஆகும். வெயில் காலத்தில் ஜீப்பின் முன்கண்ணாடி ஓரம் வைத்த மாதிரியைத் தூரப் போடுவதே நல்லது. பனிப்பெட்டியில் கொண்டுவந்து உறைய வைக்கவும்.

இந்த முறையில் தப்புவது கருவியில் அல்ல, வாயில்தான். 6 கிலோ பிள்ளை, உடல் நீர் 3.6 கிலோ, நீர்ப் பங்கு 79 சதவீதம் என்றால் கொழுப்பு 24 சதவீதம். கொடுத்த கன நீரில் இருபதில் ஒரு பங்கு கடைவாயில் வழிந்து, நாம் அதைக் கவனிக்கவில்லை என்றால், உடல் நீர் 3.79 என்று வரும், கொழுப்பு 20 சதவீதம் ஆகிவிடும். அதனால் எடைபார்த்த டிஷ்யூத் தாளால் வழிவதைத் துடைத்து, அதே பிளாஸ்டிக் உறையில் போட்டு மறுபடி எடை பாருங்கள். தாளில் பிள்ளையின் சொந்த எச்சிலும் இருக்கும், எனவே அந்த எடை முழுவதும் கன நீர் அல்ல. நிறைய வழிந்திருந்தால் திருத்தப் பார்க்காதீர்கள். அன்றைக்கு விட்டுவிட்டு, இரண்டு மூன்று வாரம் கழித்து, கொடுக்கும் முன் எடுக்கும் மாதிரியைப் புதிதாக எடுத்துத் தொடங்குங்கள்.

இடையில் பால் கொடுக்கலாம், மூன்று மணி நேரம் பிள்ளையைப் பட்டினி போட வேண்டியதில்லை. பால் கொடுப்பதற்கு முன்னும் பின்னும் அதே துணியோடு எடை பாருங்கள். 100 மி.லி. குடித்தால் உடல் நீர் இரண்டரை சதவீதம் போலக் கூடிக் காட்டும், அதைக் கழிக்க வேண்டும். மாதிரி எடுப்பதற்குக் கடைசி அரை மணி நேரம் பால் வேண்டாம். பால் கலந்த உமிழ்நீர் எஃப்.டி.ஐ.ஆரில் கலங்கலாகி எண்ணைக் கெடுக்கும்.

கடற்கரைச் செவிலி

கன நீர்னு சொன்னவுடனே ராதாபுரம் பக்கத்துத் தாய்மார் கேக்க மொதல் கேள்வி என்னன்னு தெரியும்லா? கூடங்குளம் பக்கத்துல இருந்துகிட்டு 'அணு மருந்தைப் பிள்ளைக்குக் கொடுக்கணும்'னு சொன்னா யாரு ஒத்துக்கிடுவா? என்ன பதில் சொல்லணும், அதையும் எழுதுங்க.

ஐசோடோப்

நியாயமான கேள்வி அக்கா, சம்மதப் படிவத்திலேயே இதற்கு இடம் வேண்டும். டியூட்டீரியம் கதிர்வீச்சு இல்லாத ஐதரசன். சாதாரண ஐதரசனைவிடக் கொஞ்சம் கனம், அவ்வளவுதான். நாம் குடிக்கும் தண்ணீரிலும் பத்து லட்சத்துக்கு சுமார் 150 என்ற கணக்கில் அது ஏற்கெனவே இருக்கிறது. கொடுக்கும் 3 கிராம் சில வாரங்களில் சிறுநீரிலும் வியர்வையிலும் போய்விடும். கூடங்குளம் உலைகள் சாதாரணத் தண்ணீரில் ஓடுபவை, அங்கே கன நீர் கிடையாது. அணுசக்தித் துறையின் கன நீர் ஆலை இருந்தது தூத்துக்குடியில். சில வகை அணு உலைகளில் கன நீர் பயன்படுகிறது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். பின்னால் வேறு ஆள் மூலம் கேள்விப்பட்டால் ஊரே கதவை மூடிவிடும். கேட்ட அன்றே கையெழுத்து வாங்காதீர்கள். தகப்பனும் பாட்டியும் கேட்டு முடித்தபின் மறுநாள் வாங்குங்கள்.

இதே கன நீரைப் பிள்ளைக்குப் பதில் தாய்க்கு 30 கிராம் கொடுத்து, தாய், பிள்ளை இருவரின் உமிழ்நீரையும் 14 நாள் எடுத்தால் (கொடுக்கும் முன் ஒன்று, பின் 1, 2, 3, 4, 13, 14-ஆம் நாள்), பிள்ளை ஒரு நாளைக்கு எவ்வளவு தாய்ப்பால் குடிக்கிறது என்பதும், வேறு வழியில் எவ்வளவு தண்ணீர் உள்ளே போகிறது என்பதும் தெரியும். 'தாய்ப்பால் மட்டும்தான்' என்று வீட்டில் சொன்னாலும் காய்ச்சி ஆறிய தண்ணீரும் உரைமருந்தும் உள்ளே போவது இதில் தெரிந்துவிடும். தாயின் உடல் சேர்மானமும் கூடவே கிடைக்கும். 60-இல் 15 பேருக்காவது செய்யுங்கள்.

மில்லிமீட்டர்

இதுவரை வந்ததெல்லாம் சரி. ஆனால் 60 பிள்ளைகளுக்கும் ஒவ்வொரு முறையும் கிடைக்கப்போவது எடை, நீளம், கைச்சுற்றளவு, தோல்மடிப்பு இவைதான். பெரிய கருவியின் எண்ணையும் கெடுப்பது கடைசியில் நீளப்பலகைதான், ஏனென்றால் குறியீட்டில் நீளம் வர்க்கமாக வருகிறது. கொழுப்பில்லாப் பங்கு 5 கிலோ, நீளம் 65 என்றால் 11.8. அதே பிள்ளையை 63.5 என்று எழுதினால் 12.4. காலை மடக்கிய பிள்ளையை ஒரே ஆளாக அளந்தால் அந்த ஒன்றரை செ.மீ. சாதாரணமாகத் தப்பும்.

நீளத்துக்கு இரண்டு பேர் கட்டாயம். ஒருவர் தலைமாட்டில் காதுகளை மூடாமல் இரு கையாலும் தலையைப் பிடித்து, உச்சி பலகையில் முட்டும்படியும் கண் நேர் மேலே பார்க்கும்படியும் வைக்க வேண்டும். தாய் அந்தப் பக்கம் நின்று பிள்ளையோடு பேசட்டும். இன்னொருவர் முழங்கால் இரண்டையும் ஒரு கையால் மெதுவாக அமர்த்தி, மறுகையால் நகரும் பலகையைப் பாதத்தில் தட்டையாக ஒட்டி, உடனே படிக்க வேண்டும். விரல் நுனி முட்டினால் அளவு கூடும். பிறந்த பிள்ளையை வலுவாக இழுக்கக் கூடாது. ஒவ்வொரு நாள் காலையும் நீளம் தெரிந்த உலோகக் கம்பியை வைத்துப் பலகையைச் சரிபாருங்கள். மழையில் நனைந்த மரப்பலகை உப்பும்.

தோல்மடிப்புக்கு ஹார்பென்டன் அல்லது ஹோல்டைன் வாங்குங்கள், இரண்டும் 0.2 மி.மீ. வரை படிக்கலாம். பிளாஸ்டிக் காலிப்பர் வேண்டாம், அதன் அழுத்தம் நிலையாக இருக்காது. எப்போதும் இடது பக்கம், எல்லாப் பிள்ளைக்கும் எல்லா முறையும். மேற்கை மடிப்புக்கு முழங்கையை மடக்கி, தோள் எலும்பின் முனைக்கும் முழங்கை எலும்பின் முனைக்கும் நடுவில் பின்பக்கம் மைப்புள்ளி வையுங்கள். பின் கையைத் தொங்கவிடச் செய்யுங்கள். புள்ளிக்கு 1 செ.மீ. மேலே கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் தோலையும் அதன் கீழ்க் கொழுப்பையும் மட்டும் சதையிலிருந்து பிரித்துத் தூக்குங்கள். கொஞ்சம் உருட்டிப் பார்த்தால் சதை நழுவிப் போவது விரலுக்குத் தெரியும். காலிப்பரைப் புள்ளியில் வைத்து, கைப்பிடியை முழுவதும் விட்டுவிட்டு, இரண்டு நொடி எண்ணிப் படியுங்கள். விரலை எடுக்காதீர்கள். உடனே படித்தால் எண் கூட, ஐந்து நொடி காத்தால் மடிப்பு அமுங்கி எண் குறைவு. தோள்பட்டை மடிப்பு எலும்பின் கீழ்முனைக்குச் சற்றுக் கீழே, 45 பாகைச் சரிவில். எண்ணெய் தேய்த்த அன்றைக்கு மடிப்பு வழுக்கும், மெல்லிய துணியால் துடைத்துவிடுங்கள்.

இரண்டு பேர் தனித்தனியே, ஒருவர் எண்ணை மற்றவர் பார்க்காமல் அளக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி ஆய்வில் இரண்டு பேருக்கிடையே அனுமதித்த வித்தியாசம்: எடை 100 கிராம், நீளம் 7 மி.மீ., சுற்றளவு 5 மி.மீ., தோல்மடிப்பு 2 மி.மீ. அதைத் தாண்டினால் மறுபடி அளக்க வேண்டும். ஆனால் 8 மி.மீ. மடிப்பில் 2 மி.மீ. என்பது கால் பங்கு. நீங்கள் அதைவிட நெருக்கமாக வர முயலுங்கள். களத்துக்குப் போகுமுன் பத்துப் பிள்ளைகளை இரண்டு முறை அளந்து, ஒவ்வொரு பிள்ளையின் வித்தியாசத்தையும் வர்க்கமாக்கி, கூட்டி, இருபதால் வகுத்து, வர்க்கமூலம் எடுங்கள். அதுதான் உங்கள் கையின் பிழை. அந்தப் பிழையைவிடச் சிறிய மாற்றத்தை உணவால் வந்தது என்று யாரிடமும் சொல்லாதீர்கள்.

தோல்மடிப்பைச் சமன்பாட்டில் போட்டு 'கொழுப்பு இத்தனை சதவீதம்' என்று எழுதுவதை நான் ஏற்கவில்லை. ஒரு ஊர்ப் பிள்ளைகளில் செய்த சமன்பாடு இன்னொரு ஊரில் நழுவும். மடிப்பை மடிப்பாகவே, வயதுக்கு ஏற்ற தரவரிசையோடு எழுதுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் தோல்மடிப்பு, கைச்சுற்றளவு வரைபடங்கள் மூன்று மாதத்திலிருந்துதான் தொடங்குகின்றன. அதற்கு முந்தைய எண்களை உங்கள் 60 பிள்ளைகளுக்குள்ளேயே ஒப்பிடுங்கள்.

வீரைப்பொண்ணு

பயோ இம்பிடன்ஸ் தராசு மலிவாக் கிடைக்குதே, தாய் பிள்ளையைத் தூக்கிக்கிட்டு ஏறி நின்னா ஆகாதா? டெக்ஸா ஸ்கேன்?

பாளை குழந்தைநலம்

வீட்டுத் தராசு காலுக்குள் மின்சாரம் விட்டு, பெரியவர்களின் சமன்பாட்டில் கணக்குப் போடுகிறது. தாய் இடுப்பில் இருக்கும் பிள்ளைக்கு அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. பிள்ளையின் கையிலும் காலிலும் மின்முனை ஒட்டி அளக்கும் முறை ஆய்வில் உண்டு. மின்முனை ஒரு செ.மீ. நகர்ந்தால் மாறும், கால் தொடையைத் தொட்டால் மாறும். டியூட்டீரியத்தோடு ஒப்பிட்டு இங்கேயே சரிபார்க்காமல் நம்ப முடியாது. டெக்ஸா எக்ஸ்ரேயால் அளப்பது; அதில் கதிர்வீச்சு மிகக் குறைவுதான், ஆனால் பிள்ளை அசையாமல் கிடக்க வேண்டும். அசைந்த படம் வீண். கிராமத்துத் தொடர் அளவைக்கு இரண்டும் வேண்டாம்.

ஒப்பிட வரைபடம் வேண்டுமே என்றால், 2023-இல் பிறப்பு முதல் 24 மாதம் வரைக்குமான உடல் சேர்மான வரைபடங்கள் வந்திருக்கின்றன. சர்வதேச அணுசக்தி முகமை ஒருங்கிணைத்த ஆய்வு அது. ஆஸ்திரேலியா, பிரேசில், இந்தியா, பாகிஸ்தான், தென்னாப்பிரிக்கா, இலங்கை என்று ஆறு நாடுகள். கொழுப்புக் குறியீடும் கொழுப்பில்லாக் குறியீடும் தனித்தனியே அதில் உண்டு. இந்திய, இலங்கைப் பிள்ளைகளும் சேர்ந்த வரைபடம் நமக்குப் பொருத்தமானது.

ஒரு எச்சரிக்கை. பிறந்த பிள்ளைக்குக் கொழுப்பு பத்துச் சொச்சம் சதவீதம், நாலு முதல் ஆறு மாதத்தில் 25 பக்கம் ஏறும், பின் நடக்கத் தொடங்கும்போது இறங்கும். ஆறு மாதத்தில் 25 என்பது பிள்ளைக்குத் தேவையான கையிருப்பு. அந்த எண்ணைப் பெரியவர்களின் எண்ணோடு ஒப்பிட்டுத் தாயிடம் 'கொழுப்பு கூடிவிட்டது' என்று யாராவது சொன்னால், அடுத்த நாளே பிள்ளையின் சோற்றில் நெய் நின்றுவிடும். தனிப் பிள்ளையின் கொழுப்பு எண்ணை வீட்டில் சொல்லாமலிருப்பதே நல்லது. எடை, நீளம், கைச்சுற்றளவைச் சொல்லுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் கைச்சுற்றளவு 11.5 செ.மீ.க்குக் கீழே இருந்தால் ஆய்வுக்குக் காத்திராமல் அன்றைக்கே மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

கேப்பைக்களி

அளந்து முடித்துத் தட்டில் என்ன மாறப்போகிறது என்பது என் கவலை. ஆறு முதல் எட்டு மாதத்தில் தாய்ப்பாலுக்கு மேல் உணவிலிருந்து வேண்டியது நாளைக்கு 200 கிலோ கலோரி (இனி கலோரி என்று எழுதுவதும் இதுவே), ஒன்பது முதல் பதினொன்றில் 300, ஒரு வயதுக்கு மேல் 550. பிள்ளையின் வயிறு கிலோவுக்கு சுமார் 30 கிராம் கொள்ளும், 7 கிலோ பிள்ளைக்கு 210 கிராம். நீர்த்த கஞ்சி கிராமுக்கு 0.3 கலோரி என்று வைத்தால் வயிறு நிறைந்தும் 63 கலோரிதான். கரண்டியிலிருந்து சரிந்து விழாத பதத்தில் குழைத்தால் கிராமுக்கு 0.8, 0.9 வரும், அதே வயிற்றில் 180 கலோரி.

கெட்டியாக்கினால் பிள்ளை முழுங்க மாட்டேன் என்கிறது என்பார்கள். அதற்கு முளைகட்டிய கேப்பை மாவு. கேப்பைக் கூழைக் கெட்டியாகக் காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் முளைமாவு ஒரு தேக்கரண்டி கலந்து பத்து நிமிடம் விட்டால் மாவுச்சத்து உடைந்து இளகும். தண்ணீர் சேர்க்காமலே இளகுவதுதான் இதில் லாபம். கொதிக்கும்போது போட்டால் அந்த நொதி செத்துவிடும், இளகாது. இளகியபின் மறுபடி ஒரு கொதி விட்டு இறக்குங்கள், முளைமாவில் கிருமி இருக்கலாம்.

நம் பிள்ளைகளுக்குக் குறைவது கொழுப்பில்லாப் பங்கு என்றால், புரதத்தின் தரத்தைப் பார்க்க வேண்டும். புரதத்தின் ஒரு கூறான லைசின் அரிசியில் குறைவு, உளுந்திலும் பாசிப்பயற்றிலும் உண்டு. அரிசி மூன்று பங்குக்குப் பருப்பு ஒரு பங்கு. நம் ஊர் உளுந்தஞ்சோறு இந்தக் கணக்குக்குள் தானாக வருகிறது, பிள்ளைக்குக் குழைய வேகவைத்து மசித்தால் போதும். கூட ஒரு முட்டை, அதில் 6 கிராம் புரதம். கடற்கரையில் நெத்திலி, சாளை கிடைக்கும், முள் எடுத்து மசித்துக் கொடுங்கள். கருவாடு வேண்டாம், ஒரு வயதுக்குள் அவ்வளவு உப்பு ஆகாது. ஒரு தேக்கரண்டி நெய் அல்லது நல்லெண்ணெய் 45 கலோரி, அதைக் குறைக்காதீர்கள். குறைக்க வேண்டியது சீனியும் கருப்பட்டியும். உளுந்தங்களிக்குக் கருப்பட்டி அழகுதான், ஆனால் ஒரு வயதுக்குள் அது இல்லாமலே பழக்குங்கள்.

பாளை குழந்தைநலம்

சேர்த்துக்கொள்ள ஒன்று: 'சதை வேண்டும்' என்று கேட்டவுடன் புரதப் பொடி வாங்கிவிடுவார்கள். ஐரோப்பாவில் புரதம் கூடிய புட்டிப்பால் குடித்த பிள்ளைகள் ஆறு வயதில் புரதம் குறைந்த புட்டிப்பால் குடித்தவர்களைவிடப் பருமனாக இருந்தார்கள். முட்டை, பருப்பு, மீன் போதும். குறைமாதப் பிள்ளைகளைத் தனிக் குழுவாக வையுங்கள், பிறக்க வேண்டிய தேதியிலிருந்து வயதைக் கணக்கிடுங்கள். அவர்கள் அந்தத் தேதியை எட்டும்போது, நிறைமாதத்தில் பிறந்த பிள்ளையைவிடக் கொழுப்புச் சதவீதம் கூடவும் கொழுப்பில்லாப் பங்கு குறைவாகவும் இருப்பது வழக்கம். கலந்தால் உங்கள் சராசரி இரண்டையும் மறைக்கும்.

பொருநைக்கரை

எல்லாருக்கும் நன்றி. திருத்திய திட்டம்: 60 பேருக்கும் பிறந்த 72 மணிக்குள், 6, 14 வாரத்தில், 6, 9, 12 மாதத்தில் எடை, நீளம், கைச்சுற்றளவு, இரண்டு தோல்மடிப்பு. 20 பேருக்கு 6, 14 வாரத்திலும் 6 மாதத்திலும் பீ பாட். அதே 20 பேருக்கு 14 வாரத்திலும் 6, 12 மாதத்திலும் டியூட்டீரியம். 15 தாய்மாருக்கு நாலாம் மாதத்தில் 14 நாள் தாய்ப்பால் அளவை. புதன்கிழமைத் தடுப்பூசி நாளோடு சேர்த்துவிடலாம் என்று நினைக்கிறோம்.

மில்லிமீட்டர்

புதன்கிழமை நல்லது, ஆனால் ஊசிக்கு முன் அளந்து முடியுங்கள். ஊசி போட்டபின் பிள்ளை நீளப்பலகையில் நீளாது. கையில் ஊசி போட்டு வீங்கினால் மடிப்பும் சுற்றளவும் தப்பும். ஆறாம் மாதத்துக்கு ஊசி நாள் இல்லை. 180 நாள் முடிந்து, முதல் சோறு ஊட்டுவதற்கு முன் வீட்டுக்கே போக வேண்டும், ஒரு வாரத்துக்கு மேல் தள்ளினால் உங்கள் 'முன்' என்ற எண் கெட்டுவிடும். எடை எப்போதும் பால் கொடுக்கும் முன். அந்த 20 பேரை முன்வருபவர்களிலிருந்து எடுக்காமல் சீட்டுப் போட்டு எடுங்கள். வர வசதி உள்ள வீட்டுப் பிள்ளைகள் மட்டும் வந்தால் மீதி 40 பேரைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

கடற்கரைச் செவிலி

கடைசியா ஒண்ணு. வெள்ளியைக் கழட்டிருவாவ. இடுப்புல கட்டுன கருப்புக் கயித்தை மட்டும் அறுக்கவே விட மாட்டாவ, முடிச்சு அவுக்கவும் முடியாது. அப்ப அந்தப் பிள்ளையை விட்டுருதா?

சாரல்காத்து

விட வேண்டாம் மதினி. அதே கடையில அதே கயித்தை அதே நீளத்துக்கு வாங்கி, காய்ஞ்சும் நனைச்சும் தராசுல எடை பாருங்க. ஒரு கிராம் பக்கம்தான் இருக்கும். அதைக் கழிச்சிக்கிடலாம். ஆனா கயித்துல தாயத்து கோத்திருந்தா அது செம்பா வெள்ளியான்னு கேட்டு எழுதணும். அதோட பீ பாட்டுல வைக்கக் கூடாது. அந்தப் பிள்ளைக்கு டியூட்டீரியம் மட்டும் போதும். கயித்தோட அளந்த பிள்ளையை அடுத்த தடவையும் கயித்தோடயே அளங்க. நடுவுல கயிறு மாத்தியிருந்தா எந்தத் தேதியில மாத்துனாவன்னு பக்கத்துலயே குறிச்சி வச்சிக்கிடுங்க.